முரட்டு வண்டி வைத்திருப்பதில் அப்படி என்னதான் சுகம்?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2

ரொம்ப நாளாக ஒரு அசல் ஆஃப் ரோடு வண்டி வாங்க ஆசை. லேடர் ஃப்ரேம் (ஏணி மாதிரியான அடிச்சட்டம்), லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற கியர்) எல்லாம் உள்ள வகை. ஆனால் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஒப்ப மாட்டேன் என்கிறது. ஒரே குலுக்கல், சத்தம், எரிபொருளையும் தாராளமாகக் குடிக்கிறது. வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும்தானே ஓட்டுகிறார்கள்? சாதாரண எஸ்யூவியிலேயே நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிற ஆல் வீல் டிரைவ் வருகிறது, அது போதாதா? வைத்திருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். "வாங்கினால்தான் புரியும்" என்கிற பதில் மட்டும் வேண்டாம்.

பிப்ரவரி 2, இரவு

கைவசம் இருந்த ஒரே பதிலையும் பிடுங்கிக்கொண்டீர்கள். சரி, வேறு வழியில் முயன்று பார்க்கிறேன்.

நீங்கள் சொன்ன குறைகள் அத்தனையும் நிஜம். என்னுடையது குட்டை வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்), லேடர் ஃப்ரேம், முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸில், அதாவது இடது வலது சக்கரங்களை ஒன்றாகச் சேர்க்கிற ஒரே ஆக்ஸில். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே இந்த இழை கட்சிச் சண்டை ஆகிவிடும். நல்ல சாலையில் அதை ஓட்டுவது ஒரு தண்டனை. எண்பதைத் தாண்டினால் கதவு ரப்பர் வழியாகக் காற்று ஊளையிடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி லேசாகத் தன் இஷ்டத்துக்கு அலையும். வேகத்தடையில் முன் சக்கரம் இறங்கி முடிப்பதற்குள் பின் சக்கரம் ஏறிவிடும், பின் சீட்டில் இருப்பவர் தலை கூரையைத் தொட்டுவிட்டு வரும்.

சுகம் தார் ரோடு முடிகிற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. மெதுவாகப் போகிற சுகம் அது. கல்லும் பள்ளமுமாக ஓர் ஏற்றம் முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் இருக்கும் குட்டி லீவரை ஃபோர் லோவுக்கு (நாலு சக்கரமும் லோ ரேஞ்சில் ஓடுகிற நிலை) தள்ள வேண்டும். உள்ளே பல்லோடு பல் சேருகிற 'டொக்' உள்ளங்கை வரை வரும். முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டபிறகு, இரண்டு காலையும் எடுத்துத் தரையில் வைத்துவிடலாம். ஐடிலிலேயே வண்டி நடக்கும். முன் இடது சக்கரம் ஒரு கல்லில் முட்டி ஒரு கணம் தயங்கும், இன்ஜின் சத்தம் கொஞ்சம் தாழும், பிறகு டயர் கல்லைக் கவ்விக்கொண்டு ஏறும். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சாயும், பானெட்டுக்கு மேலே வானம் மட்டும் தெரியும். ஆக்ஸிலரேட்டரை நீங்கள் தொடவே இல்லை. எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் ஏற வேண்டும் என்று முடிவு செய்தது மட்டும்தான் உங்கள் வேலை.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். இன்ஜினின் சுற்றை ஒவ்வொன்றும் எத்தனை மடங்கு குறைக்கிறது என்பதை முதல் கியர் 4, லோ ரேஞ்ச் 2, ஆக்ஸில் 4 என்று தோராயமாக வைத்துப் பெருக்கினால் 32. இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் ஓடினால் சக்கரம் நிமிடத்துக்கு 25 சுற்று. டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 55 மீட்டர், மணிக்கு 3.3 கிலோமீட்டர். மனிதன் நடப்பதே மணிக்கு 5 வரும். ஜீப் ராங்லர் ரூபிகானில் லோ ரேஞ்ச் மட்டுமே 4:1, அதனால் அங்கே இந்த வேகமும் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

பிப்ரவரி 3, காலை

ஒன்று விட்டுப்போயிற்று. கல் பாதையில் கட்டை விரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் சுற்றிப் பிடிக்காதீர்கள், வளையத்தின் மேலேயே வையுங்கள். முன் சக்கரம் கல்லில் மோதித் திரும்பினால் ஸ்டியரிங் வெடுக்கென்று சுழலும், குறுக்குக் கம்பி விரலைப் பதம் பார்த்துவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் இந்த ஆபத்து குறைவு. இருந்தாலும் எனக்குப் பழக்கம் போகவில்லை, நல்ல சாலையிலும் அப்படித்தான் பிடிக்கிறேன்.

பிப்ரவரி 3, இரவு

"ஆல் வீல் டிரைவ் போதாதா" என்ற பகுதிக்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஆண்பிள்ளை வண்டி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதைப் பதில் கணக்கில் சேர்க்க முடியாது.

மழை, வழுக்கல், மண் ரோடு என்றால் ஆல் வீல் டிரைவ் தாராளமாகப் போதும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவற்றில் பெரும்பாலானவை முன் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்து, வழுக்கும்போது நடுவில் உள்ள ஒரு கிளட்ச் மூலம் பின்னாலும் சக்தி அனுப்புகிறவை. ஆழமான மணலில் தொடர்ந்து உழைத்தால் அந்தக் கிளட்ச் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேலைநிறுத்தம் செய்யும். லோ ரேஞ்சும் கிடையாது. ஆகவே எங்கே மெதுவாகப் போக வேண்டுமோ அங்கே வேகம் எடுத்துத்தான் தாண்ட வேண்டியிருக்கும். வண்டியின் அடிப்பாகம் உடைவது அப்போதுதான்.

அடுத்தது டிஃப்ரென்ஷியல், வளைவில் இடது வலது சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கர அமைப்பு. சாதாரண டிஃப்ரென்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுற்ற விசையே வேண்டாம். அதனால் தரையில் இருக்கும் மற்றதற்கும் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்காது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் எதிர்மூலையில் ஒரு சக்கரம் தொங்கிவிட்டால் நாலு சக்கர வண்டியும் நின்ற இடத்தில் நின்று வீணாகச் சுற்றும். டிஃப் லாக் இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை இழுத்துவிடும்.

சாலிட் ஆக்ஸிலின் பெருமை இங்கேதான் தெரியும். சீசாப் பலகை மாதிரி ஒரு பக்கம் மேலே தள்ளப்பட்டால் மறுபக்கம் கீழே அழுந்தும். அதனால் சக்கரம் தொங்குவது தள்ளிப்போகிறது. தார் ரோட்டில் நம்மைக் குலுக்கி எடுக்கிறதும் அதே ஆக்ஸில்தான். இரண்டையும் பிரித்து வாங்க முடியாது.

பிப்ரவரி 4

லாடா நீவாவை ஒருவர் நினைவுபடுத்தினார், நல்ல காரியம் செய்தார். 1977-இல் வந்த வண்டி. லேடர் ஃப்ரேம் இல்லை, முன்னால் சாலிட் ஆக்ஸிலும் இல்லை. ஆனால் எப்போதும் நாலு சக்கரமும் ஓடும், லோ ரேஞ்ச் உண்டு, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் உள்ள டிஃப்ரென்ஷியலைப் பூட்டுகிற சென்டர் டிஃப் லாக் உண்டு, எடை குறைவு. பெரிய பெரிய வண்டிகள் புதைகிற சேற்றில் அது மேலாகவே போய்விடும். நேற்று நான் சாலிட் ஆக்ஸிலுக்குக் கொடி பிடித்ததோடு இதையும் சேர்த்துப் படிக்கவும்.

எடையையும் கோணத்தையும் விட்டுவிட்டுக் குதிரைத்திறனைப் பேசுகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். பம்பர் முட்டாமல் எவ்வளவு செங்குத்தில் ஏற முடியும், பின்னால் இடிக்காமல் எப்படி இறங்க முடியும், நடு வயிறு மேட்டில் உட்காராமல் எப்படித் தாண்ட முடியும் என்பதுதான் முக்கியம். மூன்றாவதில் வீல்பேஸ் நேராகக் கை வைக்கிறது. சுஸுகி ஜிம்னி மூன்று கதவு வண்டியின் வீல்பேஸ் 2250 மில்லிமீட்டர், நடு வயிற்றுக் கோணம் 28 டிகிரி. ஐந்து கதவு வண்டியில் வீல்பேஸ் 2590, கோணம் 24 டிகிரி. தரை இடைவெளி இரண்டிலும் அதே 210 தான். பின் சீட்டுக்காரர் கால் நீட்ட 4 டிகிரியைக் கொடுத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு போகிறவருக்கு அது நியாயமான பேரம்தான்.

பிப்ரவரி 4, பிற்பகல்

"பாதுகாப்புக்காக எப்போதும் ஃபோர் வீலிலேயே ஓட்டலாமா?" என்று கேட்டவருக்கு: உங்கள் வண்டி பார்ட் டைம் வகையாக (வேண்டும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கு மாற்றுகிற வகை) இருந்தால், காய்ந்த தார் ரோட்டில் கூடவே கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. நடுவில் டிஃப்ரென்ஷியல் இல்லாததால் முன்னும் பின்னும் ஒரே அளவு சுற்றக் கட்டாயப்படுத்தப்படும். மண்ணில் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும், தாரில் சறுக்காது. முறுக்கு முழுவதும் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்டிலும், அதை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸிலும் போய் ஏறும். ஸ்டியரிங் இறுகும், டயர் கீச்சிடும், லீவர் திரும்பி வர மறுக்கும். அப்படி மாட்டிக்கொண்டால் நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழும், லீவர் தானாக விழும்.

பிப்ரவரி 7

டயர் காற்றைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், நீளமாகப் போகும் போல இருக்கிறது.

இந்த வண்டிக்காரர்கள் முதலில் வாங்குவது விளக்கு. கூரையில் ஒரு வரிசை, பம்பரில் ஒரு வரிசை. அப்புறம் உயரத்திலிருந்து இன்ஜினுக்குக் காற்று இழுக்கிற ஸ்நார்க்கல் குழாய், கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கிற வின்ச், உயரம் கூட்டுகிற ஸ்பிரிங். கடைசியில் யாராவது பரிதாபப்பட்டு ஒரு காற்று மானியும் குட்டி கம்ப்ரசரும் வாங்கச் சொல்வார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். டயரில் காற்றைக் குறைப்பதைப் போல வண்டியின் குணத்தை மாற்றுகிற வேலை வேறு எதுவும் இல்லை.

காற்று குறைந்தால் டயர் அகலமாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அகலத்தில் பெரிய மாற்றம் இல்லை, தரையில் பதிகிற தடம் நீளமாகிறது. அதனால் மணலில் எடை பரவி, வண்டி தோண்டாமல் மேலே மிதந்து போகிறது. கல்லில் டயர் கல்லின் வடிவத்துக்கே மடிந்து பிடித்துக்கொள்கிறது. சாலையில் 30 பிஎஸ்ஐக்கு மேல் வைக்கிற வண்டிக்குக் கல் பாதையில் 20 பக்கம், மணலில் 15 பக்கம் என்பது பலரும் பின்பற்றுகிற அளவு. வண்டியின் எடையைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைக்க வேண்டும். பத்துக்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடலாம்.

என்னோடு வருகிற ஒருவர் காற்றைக் குறைக்கச் சம்மதிக்கவே மாட்டார். சோம்பல்தான், வேறென்ன. ஒருமுறை அவர் மணல் மேட்டில் திணறிக்கொண்டிருந்தார். இன்ஜின் அலறுகிறது, சக்கரத்துக்குப் பின்னால் மணல் விசிறியாகப் பறக்கிறது, வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. நாலு டயரிலும் காற்றை இறக்கினோம். வால்வை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் 'சீ' சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பது ஒரு தனிப் பொறுமை. பிறகு இரண்டாவது கியரில், அலட்டாமல், ஒரு பலகையும் வைக்காமல் ஏறி வந்தார். இறங்கியதும் "மணல் இப்போது கொஞ்சம் இறுகிவிட்டது போல" என்றார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

திரும்பத் தார் ரோட்டில் ஏறுவதற்கு முன் காற்றைப் பழைய அளவுக்கு நிரப்பியே ஆக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயரின் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும்.

பிப்ரவரி 7, இரவு

என் மனைவி இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு திருத்தம் சொல்லச் சொன்னாள்: "சுகம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு மட்டும்தான் என்று எழுது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு ஒரு கைப்பிடி இருக்கிறது, அவ்வளவுதான்."

எழுதிவிட்டேன். ஆனால் எங்கள் வண்டியை அவளும் நன்றாக ஓட்டுவாள். அவள் ஓட்டும்போது அந்தக் கைப்பிடியை நான் எவ்வளவு இறுக்கிப் பிடிப்பேன் என்பது அவளுக்கும் தெரியும்.

பிப்ரவரி 11

"இதையெல்லாம் தொடங்கிவைத்தது லேண்ட் ரோவர்தான்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இல்லை. 1940-இல் அமெரிக்க ராணுவம் ஓர் இலகுவான உளவு வண்டி கேட்டு 135 கம்பெனிகளுக்கு எழுதியது. முதல் மாதிரியை 49 நாளில் தர வேண்டும், எடை 1300 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 590 கிலோ! நாலு சக்கரமும் ஓடுகிற வண்டிக்கு யாராலும் முடியாத எடை. பான்டம் என்ற சின்னக் கம்பெனிக்காக கார்ல் புரோப்ஸ்ட் என்கிற பொறியாளர் படம் வரைந்து கொடுத்தார், செப்டம்பர் 23 அன்று வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் பெருவாரியான ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று. போர் முடிவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். முதலில் ஓடி வந்த பான்டமுக்குக் கடைசியில் கிடைத்தது டிரெய்லர் செய்கிற வேலை. எனக்கு இன்றைக்கும் அந்தக் கம்பெனி மேல் ஒரு பரிதாபம் உண்டு.

லேண்ட் ரோவர் வந்தது 1948-இல், ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். அதன் ஆரம்ப மாதிரியே ஜீப் சேஸியின் மேல் கட்டியதுதான், ஸ்டியரிங் நட்ட நடுவில் இருந்தது. போருக்குப் பின் எஃகுக்குப் பஞ்சம், அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். வயல் வேலைக்கு, இன்ஜினிலிருந்து மற்ற இயந்திரங்களை ஓட்டவும் வழி வைத்தார்கள். டொயோட்டா தன் பிஜே வண்டியை 1951-இல் ஃபூஜி மலையின் ஆறாவது நிலையம் வரை ஏற்றிக் காட்டியது. லேண்ட் குரூஸர் என்று பெயர் மாறியது 1954-இல்.

இவற்றில் ஒன்றுகூட உல்லாசத்துக்காகச் செய்ததில்லை என்பதைக் கவனியுங்கள். சிப்பாய், விவசாயி, மலைப்பாதைக் காவலர் என்று வேலைக்காரர்களுக்குச் செய்தவை. அதனால்தான் சுத்தியலும் ஸ்பேனரும் இருந்தால் திறந்து பார்க்கிற மாதிரி இருந்தன. என் வண்டியில் எனக்குப் பிடித்த சங்கதியும் அதுவே. கீழே படுத்துப் பார்த்தால் இன்ஜினிலிருந்து சக்கரம் வரை சக்தி போகிற வழி மொத்தமும் கண்ணுக்குத் தெரியும், கையால் தொட்டுக்கொண்டே போகலாம்.

பிப்ரவரி 12

முதல் குறிப்பில் "இரண்டு காலையும் எடுத்துவிடலாம்" என்று எழுதியதற்கு ஒருவர் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். தன் பழைய கார்புரேட்டர் பெட்ரோல் வண்டி அப்படி விட்டால் கல்லில் முட்டி அணைந்துவிடுகிறது என்கிறார். ஆமாம், அணையும். டீசலும், ஐடிலைத் தானே பார்த்துக்கொள்கிற புதிய இன்ஜினும் தாங்கும். கார்புரேட்டர் வண்டிக்கு ஆக்ஸிலரேட்டரில் ஒரு கால் லேசாக இருக்க வேண்டும்.

இறக்கத்தில் மட்டும் எந்த வண்டியாக இருந்தாலும் கிளட்சைத் தொடாதீர்கள். லோ ரேஞ்ச், முதல் கியர், இன்ஜினே பிடித்துக்கொள்ளும். கிளட்சை மிதித்த மறு விநாடி அந்தப் பிடி போய்விடும்.

ஏற்றத்தில் பாதி வழியில் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்பலாம் என்று நினைக்கவே வேண்டாம். குறுக்கே திரும்பிய வண்டி உருளும். பிரேக்கைப் பிடித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். கௌரவம் கொஞ்சம் போகும், போகட்டும்.

பிப்ரவரி 15

தண்ணீர். படம் எடுத்துப் போட எல்லோருக்கும் பிடித்த விஷயம், இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீர் தெறிக்க வேண்டும். அப்படிப் பாய்கிறவருடைய ஏர் ஃபில்டருக்குள் தண்ணீர் போனால் கதை முடிந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டி, கனெக்டிங் ராட் வளையும்.

முதலில் இறங்கி நடந்து பாருங்கள். ஓடுகிற தண்ணீராக இருந்து, நடக்கவே பயமாக இருந்தால் வண்டியும் போக வேண்டாம். இரண்டடி ஆழத்தில் ஓடும் நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும், நாலு சக்கரமும் சுற்றினால்கூட. தேங்கிய நீர் என்றால் லோ ரேஞ்சில், ஒரே சீராக, முன்னால் ஓர் அலை எழும்பி நிற்கிற வேகத்தில் போக வேண்டும். அந்த அலைக்குப் பின்னால் பானெட் பக்கம் நீர்மட்டம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். நடுவில் கியர் மாற்றக் கூடாது. கம்பெனி சொல்லும் ஆழத்தை மதியுங்கள்: மஹிந்திரா தார் 650 மில்லிமீட்டர், புதிய டிஃபென்டர் 900. வண்டிக்கு வண்டி இவ்வளவு வித்தியாசம்.

பலருக்குத் தெரியாத ஒன்று ஆக்ஸிலில் இருக்கிறது. ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் முங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அதைத் தவிர்க்கத்தான் ஆக்ஸில் மூச்சு விடுகிற பிரீதர் குழாயை மேலே நீட்டிக் கட்டுகிறார்கள். ஆழமான நீரைத் தாண்டிய பிறகு டிஃப்ரென்ஷியல் எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

பிப்ரவரி 16

ஸ்நார்க்கல் போட்டால் தண்ணீருக்குள் போகலாம்தானே என்று கேட்டவருக்கு: இன்ஜின் மூச்சு விடும். நீங்கள்?

பிப்ரவரி 19

புதைந்த வண்டியை இழுப்பது பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் இழு கயிறு மாட்டக் கூடாது. உருளும் டிரெய்லரை இழுக்கத்தான் அது. சேற்றில் புதைந்த வண்டியின் இழுப்பில் உடைந்தால் இரும்புக் குண்டாகப் பறக்கும், ஆள் செத்திருக்கிறார்கள். சேஸியோடு போல்ட் போட்ட கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். சங்கிலி வேண்டவே வேண்டாம், அது நீளாது, வெடுக்கென்று அறும். நைலான் கைனெடிக் கயிறு 20 முதல் 30 சதவீதம் வரை நீண்டு சக்தியைச் சேர்த்துவைத்து மெதுவாக இழுக்கும். அதே சக்திதான் அறுந்தால் திரும்பி அடிக்கும். ஆகவே வின்ச் கம்பியானாலும் கயிறானாலும் நடுவில் கனமான ஒரு துணியோ பையோ போடுங்கள், அறுந்தாலும் கீழே அமுக்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்கட்டும். இதில் மட்டும் யாரிடமும் தயவு தாட்சண்யம் காட்டாதீர்கள்.

முதலில் மண்வெட்டியை எடுங்கள். பாதிச் சமயம் சக்கரத்துக்கு முன்னால் தோண்டிவிட்டாலே வண்டி வந்துவிடும். மண்வெட்டியோடு படம் எடுத்துக்கொள்வதில் யாருக்கும் ஆசை இல்லை, அதனால்தான் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிப்ரவரி 24

நண்பர் ஒருவரின் புதிய வண்டியை ஓட்டிப் பார்த்தேன். மணல், கல், சேறு என்று தரையைத் தேர்ந்தெடுக்க ஒரு திருகு. இறக்கத்தில் தானே பிரேக் பிடித்துக்கொள்கிறது. லீவரே கிடையாது. ஏற்றத்துக்கு முன்னால் வழக்கமான கிண்டலோடு தயாராக இருந்தேன். எதிர்மூலைச் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் நின்ற இடத்தில், 'கரகர' என்று ஒரு சத்தம், சுற்றுகிற சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்தது, விசை மற்றதற்குப் போனது, வண்டி ஏறிவிட்டது. கிண்டல் தொண்டையிலேயே நின்றது.

அந்த ஏற்பாட்டுக்கு ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை விடாமல் ஒரே சீராகப் பிடித்திருக்க வேண்டும். சக்கரம் சுற்றுகிறதே என்று பயந்து காலை எடுத்தால் கணினி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். இது நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிர். ஆகவே பழக்கம் இங்கேயும் வேண்டும், வேறு பழக்கம்.

எது மேல்? புதிதாகக் கற்கிறவருக்கும் குடும்பத்தோடு போகிறவருக்கும் அதுவே பத்திரம். எனக்கு அந்த வண்டியில் விருந்தாளி போல உட்கார்ந்திருந்த உணர்வு. ஆனால் ரசனையையும் திறமையையும் போட்டுக் குழப்பக் கூடாது. என் வண்டி திணறுகிற இடத்தில் அது போய்விட்டது. இரண்டு நாளாக இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 25

பாதையில் சேற்றுக் குட்டை வந்தால் சுற்றிப் போகாதீர்கள் என்று ஒருவர் எழுதியதை வழிமொழிகிறேன். நடுவிலேயே போங்கள். ஆளுக்கொரு பக்கம் சுற்றினால் ஒரு வண்டிப் பாதை நாலு வண்டி அகலத்துக்குப் பரவிவிடும். சக்கரம் சுற்றிச் சேறு பறந்தால் அது ஓட்டுகிற அழகு ஆகாது, பாதையைத் தோண்டுகிற வேலை. நல்ல மழைக்கு மறுநாள் மண் பாதைக்கு வராமலே இருக்கலாம்.

மார்ச் 3

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பழைய வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம், எதைக் கவனிக்க வேண்டும் என்கிறார். இத்தனை நேரம் என்னைப் புலம்பவிட்டதற்கு ஒரு பலன்.

பெயின்டைப் பார்க்காதீர்கள், அடியில் படுங்கள். சேஸியின் பின் பகுதியிலும் ஸ்பிரிங் மாட்டுகிற இடங்களிலும் ஸ்பேனரால் தட்டுங்கள். 'டங்' என்றால் நல்லது, மொத்தையாகக் கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது. புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். அடித் தகட்டில் கீறல் இருந்தால் பயப்பட வேண்டாம், அது அதற்கான இடம். கொக்கி மாட்டுகிற இடம் வளைந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். அதன் மூட்டான கிராஸ் தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் பேரிங்கும் கிங்பின்னும் (சக்கரம் திரும்புகிற முளை) பேசும். நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வேறு அளவில் போட்டுக்கொண்டு ஃபோர் வீலில் ஓட்டியிருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் வதைபட்டிருக்கும்.

ஃபோர் லோவைப் போட்டு, மண் தரையில் ஓட்டியே பார்க்க வேண்டும். விற்கிறவர் "அது வேலை செய்யும், இப்போது எதற்கு?" என்றால் போடச் சொல்லியே தீருங்கள். வருஷக்கணக்கில் தொடாத லீவர் இறுகிப்போய் இருக்கும், முன் ஆக்ஸில் சேர்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். அலுவலகத்துக்கு மட்டும் ஓட்டுகிறவர்களைப் பற்றி நீங்கள் முதலில் கேட்டீர்களே, அவர்கள் விற்கிற வண்டியில்தான் இந்தக் கோளாறு அதிகம். பயன்படுத்தாமலே கெட்ட வண்டி.

மார்ச் 9

வாங்கிவிட்டார். எந்த நிறம் என்று சொல்லாமல், "சேற்றில் போய்வந்தால் உடனே கழுவ வேண்டுமா, அப்படியே விட்டால் பார்க்க நன்றாக இருக்கிறதே" என்று கேட்கிறார்.

மேலே எப்படி வேண்டுமானாலும் விடுங்கள். அடியில் சேஸிக்குள்ளும் பிரேக் டிரம்மிலும் ரேடியேட்டரிலும் ஒட்டிய சேற்றை அன்றைக்கே கழுவிவிடுங்கள், அது ஈரத்தைப் பிடித்துவைத்துத் துரு ஏற்றும். கழுவி முடித்ததும் கிரீஸ் கன்னை எடுத்து நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். உங்கள் வண்டியில் எத்தனை நிப்பிள் என்று மேனுவலில் இருக்கும். எப்படியும் ஒன்றைக் கண்டுபிடிக்கவே முடியாது, அதற்கு இன்னோர் இழை தொடங்குங்கள்.